மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: தசைகளைத் தளர்த்தும் ஊசியும் நம் குடும்பங்களும்

ஆப்பரேஷன் என்று முடிவானதும் நம் வீடுகளில் விசாரிப்பவை பெரும்பாலும் சர்ஜன் யார், செலவு எவ்வளவு, எத்தனை நாள் படுக்கை என்பவைதான். மயக்கம் கொடுக்கப் போகிறவர் யார் என்று கேட்பவர்கள் குறைவு. முதல் நாள் மாலை அவரே வார்டுக்கு வந்து நாலு கேள்வி கேட்டாலும், நோயாளி வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் மாமாவோ மச்சானோ, "ஒண்ணும் இல்லை டாக்டர், எல்லாம் நார்மல்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த நாலு கேள்விகளில் ஒன்று இது: "உங்களுக்கோ உங்கள் இரத்த உறவில் யாருக்கோ இதற்கு முன் மயக்க மருந்தில் ஏதாவது பிரச்சினை வந்ததுண்டா?"

இந்தக் கேள்வி சம்பிரதாயத்துக்காகக் கேட்கப்படுவது அல்ல. சொந்தத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம்மைப் போன்ற குடும்பங்கள் இதற்கு யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். ஏன் என்று புரிய, முழு மயக்கத்தின்போது உடம்பில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

முழு மயக்கம் என்பது ஒரே மருந்தின் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் மூன்று வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. ஒரு மருந்து நினைவை இழக்கச் செய்கிறது. இன்னொன்று வலியை அடக்குகிறது. மூன்றாவது, தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைக்கிறது. வயிற்றுக்குள் ஆப்பரேஷன் செய்யும்போது வயிற்றுத் தசை கல்லாக இறுகி நின்றால் சர்ஜனால் வேலை செய்ய முடியாது. மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது தொண்டை எதிர்த்து இறுகினால் காயம் படும். அதற்காகத்தான் மூன்றாவது மருந்து. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் முறையில் இந்த மருந்து தேவைப்படுவதில்லை. பெரும்பாலான சிசேரியன்கள் அப்படித்தான் நடக்கின்றன.

தசை தளர்த்தும் மருந்துக்கு ஒரு குணம் உண்டு. அது மூச்சு விடும் தசைகளையும் சேர்த்தே நிறுத்திவிடும். ஆனால் மூளையைத் தொடாது. தூங்கவும் வைக்காது, வலியையும் குறைக்காது. இந்த மருந்தைச் சுற்றியுள்ள பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாம் இந்த ஒரு குணத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

அம்பு விஷமாக இருந்த மருந்து

தென் அமெரிக்கக் காட்டு மக்கள் வேட்டை அம்பில் தடவிய குராரே என்ற தாவர விஷம்தான் இந்த மருந்துகளின் மூலம். 1814-இல் சார்லஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு பெண் கழுதைக்கு இந்த விஷத்தை ஏற்றினார். கழுதை மூச்சு நின்று விழுந்தது. உடனே அதன் மூச்சுக்குழாயைத் திறந்து, கொல்லன் பட்டறைத் துருத்தி போன்ற ஒன்றால் விடாமல் காற்று ஊதினார்கள். விஷத்தின் வேகம் தணிந்ததும் கழுதை எழுந்துகொண்டது. அதன்பின் இருபத்தைந்து வருடம் உயிரோடு இருந்தது. விஷம் நேரடியாகக் கொல்வதில்லை, மூச்சு நிற்பதுதான் கொல்கிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. இன்றைய ஆப்பரேஷன் தியேட்டரில் வென்டிலேட்டர் செய்வதும் அந்தத் துருத்தியின் வேலையைத்தான்.

மனிதருக்கு மயக்கத்தின்போது இதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர்கள் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தைச் சேர்ந்த ஹரால்ட் கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும். நாள் 1942 ஜனவரி 23. அதன் பிறகு உலகமெங்கும் பரவியது. பரவிய வேகத்தில் விபரீதமும் வந்தது. அமெரிக்காவில் பத்து ஆஸ்பத்திரிகளில் கொடுக்கப்பட்ட ஏறக்குறைய 6 லட்சம் மயக்கங்களை பீச்சர், டாட் என்ற இருவர் ஆராய்ந்து 1954-இல் வெளியிட்டார்கள். தசை தளர்த்தும் மருந்து கொடுக்காதவர்களில் 2,100 பேருக்கு ஒருவர் மயக்கம் தொடர்பாக இறந்திருந்தார். கொடுக்கப்பட்டவர்களில் 370 பேருக்கு ஒருவர். மருந்தே நஞ்சு என்று அவர்கள் சந்தேகித்தார்கள். பின்னாளில் தெளிவானது வேறு. பலருக்கு மருந்தின் வேகம் முழுவதும் இறங்கும் முன்பே, போதுமான செயற்கை மூச்சு இல்லாமல் விடப்பட்டிருக்கிறார்கள். பழுது, மருந்தைக் கையாண்ட முறையில்தான் அதிகம் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

பூட்டும் சாவியும்

கையை அசைக்க மூளை கட்டளையிட்டால், அது நரம்பு வழியாகத் தசையின் வாசல் வரை வருகிறது. அங்கே நரம்பின் நுனி அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை விடுகிறது. தசையின் மேல் இருக்கும் பூட்டுகளில் அது சாவியாக நுழைந்ததும் தசை சுருங்குகிறது. ரோக்குரோனியம், வெக்குரோனியம், அட்ராக்யூரியம் போன்ற மருந்துகள் திறக்காத சாவிகள். பூட்டுத் துவாரத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். உண்மையான சாவிக்கு இடம் கிடைக்காது.

சக்சமெத்தோனியம் என்ற இன்னொன்று இருக்கிறது. நம் ஊர் தியேட்டர்களில் ஸ்கோலின் என்றே அதிகம் சொல்வார்கள். இது திறந்துவிட்டு அப்படியே சிக்கிக்கொள்ளும் சாவி. அதனால் முதலில் உடம்பு முழுக்கத் தசைகள் சிறு துடிப்பாகத் துடிக்கும், பிறகு தளரும். ஆப்பரேஷனுக்கு மறுநாள் யாரோ அடித்துப் போட்டதுபோல் கழுத்தும் தோளும் வலிக்கிறது என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். ஓரிரு நாளில் சரியாகிவிடும். இந்த மருந்தின் சிறப்பு வேகம். ஒரு நிமிடத்தில் தளர்த்தும், ஐந்து முதல் பத்து நிமிடத்தில் தானே கலைந்துவிடும். சாப்பிட்ட வயிற்றோடு வரும் அவசர நோயாளிக்கும், முழு மயக்கத்தில் செய்ய நேரும் அவசர சிசேரியனுக்கும் இன்னும் இது கைகொடுக்கிறது.

சொந்தத்தில் திருமணமும் கலையாத ஸ்கோலினும்

அது ஏன் பத்து நிமிடத்தில் கலைகிறது? இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் வகையைச் சேர்ந்த ஒரு என்சைம் இருக்கிறது. கல்லீரல் அதைத் தயாரிக்கிறது. ஸ்கோலின் இரத்தத்தில் கலந்ததும் இந்த என்சைம் அதை உடைத்துத் தள்ளிவிடும். சிலருக்குப் பிறவியிலேயே இந்த என்சைம் பழுதாக இருக்கும். அவர்களுக்கு ஸ்கோலின் கொடுத்தால் பத்து நிமிடத்தில் கலைய வேண்டியது பல மணி நேரம் நீடிக்கும். அதுவரை சொந்தமாக மூச்சு விட முடியாது.

இந்தக் குறை இருப்பவருக்கு வாழ்நாள் முழுக்க எந்த அறிகுறியும் இருக்காது. நன்றாகச் சாப்பிடுவார், ஓடுவார், கடை நடத்துவார். அந்த ஊசி போடும் நாளில்தான் தெரியவரும். அதனால்தான் குடும்பத்தில் முன்பு ஆப்பரேஷன் செய்துகொண்டவரின் அனுபவம் மட்டுமே எச்சரிக்கை மணியாக இருக்கிறது.

இது ஒடுங்கு மரபணுக் குறை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தால்தான் முழுத் தொல்லை. ஒரு பிரதி மட்டும் பழுதானவர் பெரும்பாலும் தப்பித்துவிடுவார், ஆனால் அதைப் பிள்ளைகளுக்குக் கடத்துவார். அந்நியர் இருவர் மணந்துகொண்டால் இருவரிடமும் அதே பழுது இருப்பது அரிது. ஐரோப்பியரிடையே ஏறக்குறைய மூவாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் இரண்டு பிரதியும் பழுதாக இருக்கிறது. மாமா மகளையோ மாமி மகனையோ சாச்சா மகளையோ மணக்கும்போது, ஒரே பாட்டனாரிடமிருந்து வந்த பழுது இரு பக்கமும் இறங்கியிருக்க வாய்ப்பு கூடுகிறது. கணவன் மனைவி இருவரிடமும் ஒவ்வொரு பழுதான பிரதி இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஒரே சமூகத்துக்குள் நெடுங்காலமாக மணம் செய்துவரும் வைசிய சமூகத்தாரிடம் இந்த என்சைம் குறைவது மயக்க மருத்துவர்களுக்கு வெகுநாளாகத் தெரிந்த விஷயம். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு அறிஞர்களோடு சேர்ந்து, அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டறிந்து 2006-இல் வெளியிட்டார்கள். அதன் பயனாக இன்று அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்தாலே நம் மருத்துவர்கள் பலர் ஸ்கோலினைத் தவிர்த்துவிடுகிறார்கள். நம் குடும்பங்களைப் பற்றி அப்படி ஒரு முன்னறிவு யாரிடமும் இல்லை. நாமாகச் சொன்னால்தான் உண்டு.

சொந்தத்தில் மணம் முடிப்பதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குடும்பத்தில் நடந்ததைக் குடும்பம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் கேட்பது. "எங்க லாத்தாவுக்கு பித்தப்பை ஆப்பரேஷன் அன்னைக்கு முழிப்பு வர ராத்திரி ஆகிடுச்சு, மெஷின்லயே வெச்சிருந்தாங்க" என்று கல்யாண வீட்டில் பேசிக்கொள்வோம். அந்த ஒரு வரியைத் தம்பியின் ஹெர்னியா ஆப்பரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் சொல்ல மாட்டோம். உடன்பிறந்தவர்களுக்குத்தான் ஆபத்து முதலில் இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். சூடோகோலினெஸ்டரேஸ் அளவு என்று கேட்க வேண்டும். பூச்சிமருந்து குடித்து வருபவர்களுக்குப் பார்க்கும் பரிசோதனைதான் இது. அளவு குறைந்திருந்தால், டைபுகெயின் எண் என்ற அடுத்த பரிசோதனை, குறை பிறவியிலேயே உள்ளதா என்பதைக் காட்டும். குறை இருப்பது முன்பே தெரிந்துவிட்டால் கவலையே இல்லை. ஸ்கோலினுக்குப் பதில் ரோக்குரோனியம் போட்டு அதே ஆப்பரேஷனைச் செய்யலாம். தெரியாமல் போட்டுவிட்டாலும், நோயாளியைத் தூக்கத்திலேயே வைத்து, வென்டிலேட்டரில் மூச்சுக் கொடுத்து, மருந்து தானாகக் கலையும் வரை பொறுமையாகக் காத்திருந்தால் அவர் முழுமையாகத் தேறிவிடுவார். "இன்னும் சில மணி நேரம் மெஷினில் இருக்கட்டும்" என்று மருத்துவர் சொன்னால் வெளியே ரகளை செய்யாதீர்கள். அந்த நேரத்தில் அவசரப்பட்டு டியூபை எடுப்பதுதான் ஆபத்து.

பிறவிக் குறை இல்லாமலும் இந்த என்சைம் குறையலாம். நிறைமாதக் கர்ப்பம், முற்றிய கல்லீரல் நோய், வயலில் பூச்சிமருந்து தெளிக்கும் வேலை ஆகியவை காரணங்கள். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்கோலினை முழுக்கத் தவிர்க்க வேண்டிய வேறு சிலரும் உண்டு. பெரிய தீக்காயம் பட்டு ஒன்றிரண்டு நாள் கடந்தவர்கள், தண்டுவடக் காயத்தாலோ பக்கவாதத்தாலோ கைகால் செயலிழந்தவர்கள், மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள். இவர்களின் தசைகளிலிருந்து பொட்டாசியம் வெள்ளமாக இரத்தத்தில் கலந்து இதயம் நின்றுவிடக்கூடும். ஆண் குழந்தைகளைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை. டுஷென் என்ற தசைநலிவு நோய் தாய்வழியாக மகன்களுக்கு வருவது. தாமதமாக நடந்த பையன், அடிக்கடி விழுகிறவன், கெண்டைக்கால் மட்டும் தடித்திருப்பவன், தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுகிறவன், தாய்மாமன் யாராவது சிறுவயதில் நடை இழந்து இறந்த குடும்பத்துப் பிள்ளை என்றால் அதை அவசியம் சொல்லுங்கள். நோய் இருப்பதே தெரியாத இப்படிப்பட்ட சிறுவர்களுக்கு ஸ்கோலின் கொடுத்ததும் இதயம் நின்ற நிகழ்வுகள் பதிவாகி, 1990-களில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை குழந்தைகளுக்கு அவசரம் தவிர வேறு நேரத்தில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என எச்சரித்தது.

கண் விழித்துவிட்டார், ஆனால் மருந்து இறங்கவில்லை

ஆப்பரேஷன் முடிந்ததும் அடுத்த ஆபத்து தொடங்குகிறது. எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் மீள்வதில்லை. மூச்சுக்கு உதவும் உதரவிதானம் முந்திக்கொண்டு மீண்டுவிடும். தொண்டைத் தசைகளும் விழுங்கும் தசைகளும் பின்தங்கும். ஆகவே நோயாளி தானாக மூச்சு விடுவார், கூப்பிட்டால் கண் திறப்பார், தலையைக் கூடத் தூக்கிக் காட்டுவார். ஆனாலும் எச்சிலை விழுங்கவோ, தொண்டை அடைத்தால் இருமித் தள்ளவோ பலம் இருக்காது. டென்மார்க்கில் 1979-இல் வெளியான ஒரு ஆய்வில், விழிப்பறைக்கு வந்துசேர்ந்த 72 பேரில் 42 சதவீதம் பேருக்கு மருந்தின் பிடி இன்னும் மிச்சம் இருந்தது. அன்றைக்கு மருத்துவ உலகமே அதிர்ந்தது.

இதை அளக்க ஒரு கருவி உண்டு. மணிக்கட்டு நரம்பின் மேல் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டி, இரண்டு விநாடிக்குள் நாலு சிறிய மின்துடிப்பு கொடுப்பார்கள். கட்டைவிரல் நாலு முறை துடிக்கும். மருந்து மிச்சம் இருந்தால் நாலாவது துடிப்பு முதலாவதைவிட மெலிந்திருக்கும். நாலாவது, முதலாவதில் பத்தில் ஒன்பது பங்காவது இருந்தால்தான் டியூபை எடுக்கலாம். வெறும் கண்ணால் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. பாதிக்கும் கீழே இருக்கும்போதே கண்ணுக்குச் சமமாகத் தெரிந்துவிடும். எண்ணில் காட்டும் கருவியையே பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் 2023-இல் வழிகாட்டியது. நம் ஊர்களில் இந்தக் கருவி எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. விலை அதிகமான ஸ்கேன் மெஷினை வாங்கி வாசலில் போர்டு வைக்கும் ஆஸ்பத்திரிகள் இதையும் வாங்கலாம்.

மருந்தின் பிடியை விடுவிக்க மாற்று மருந்து தருவார்கள். பழையது நியோஸ்டிக்மின். விலை குறைவு, நம்பகமானது, ஆனால் தசை ஓரளவு மீளத் தொடங்கிய பிறகு கொடுத்தால்தான் பலன். புதியது சுகமாடெக்ஸ், ஐரோப்பாவில் 2008-லும் அமெரிக்காவில் 2015-லும் அனுமதி பெற்றது. ரோக்குரோனியம், வெக்குரோனியம் இரண்டையும் மூலக்கூறு மூலக்கூறாகப் பிடித்துத் தனக்குள் அடைத்துக்கொள்ளும். ஆழமான தளர்வையும் சில நிமிடத்தில் நீக்கும். அட்ராக்யூரியத்திடமும் ஸ்கோலினிடமும் அதன் வேலை செல்லாது. பில்லில் இந்தப் பெயருக்கு எதிரே பெரிய தொகையைப் பார்த்தால், ஏமாற்றிவிட்டார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். மூச்சுத் திணறல் உள்ளவர், மிகவும் பருமனானவர், தசைநோய் உள்ளவர் ஆகியோருக்கு அது செலவுக்குத் தகுந்த மருந்துதான். பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு சுகமாடெக்ஸ் கொடுக்கப்பட்டிருந்தால், ஏழு நாளைக்கு அந்த மாத்திரையை மட்டும் நம்பியிருக்க முடியாது. இதைப் பல இடங்களில் சொல்வதே இல்லை. நீங்களாகக் கேளுங்கள்.

விழிப்பறையிலிருந்து வார்டுக்கு வந்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம், வறண்ட உதட்டில் ஒரு மிடறு ஜம்ஜம் தண்ணீர் விடுவது. அன்பினால் செய்வதுதான். ஆனால் விழுங்கும் தசை மீளாதவருக்கு அந்த ஒரு மிடறு நுரையீரலுக்குப் போகலாம். நர்ஸ் அனுமதித்த பிறகு கொடுங்கள், அதுவரை நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்தால் போதும். இமை தூக்க முடியாமல் சரிவது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவதாகச் சொல்வது, குரல் எழும்பாமல் முனகுவது, கை கால் கரையில் போட்ட மீனைப் போலத் துள்ளித் துள்ளி அசைவது, மூச்சு மேலோட்டமாக ஓடுவது, இவற்றில் எதைக் கண்டாலும் "மயக்கம் தெளியலை போல" என்று விட்டுவிடாமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

ஆப்பரேஷனுக்கு முன் பட்டினி இருக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். தளர்ந்த தொண்டையால் வயிற்றிலிருந்து மேலேறி வருவதைத் தடுக்க முடியாது. சோறு, பிஸ்கட், மாட்டுப்பால் என்றால் ஆறு மணி நேரம், தாய்ப்பால் என்றால் நாலு மணி நேரம், வெறும் தண்ணீர் என்றால் இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். பெரியவர்கள் இதைச் சரியாகக் கடைப்பிடிக்கிறார்கள். குழந்தை அழுகிறது என்று நன்னி ரகசியமாக ஒரு ரஸ்க் கொடுத்துவிடுவதுதான் நடக்கிறது. கொடுத்துவிட்டால் மறைக்காதீர்கள். ஆப்பரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

உணர்வு இருந்து உடல் அசையாதபோது

மயக்க மருந்து குறைந்து தசை தளர்த்தும் மருந்து மட்டும் வேலை செய்தால், நோயாளி விழித்திருப்பார், ஆனால் விரலைக்கூட அசைக்க முடியாது. இது அரிது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய கணக்கெடுப்பு 2014-இல் வெளியானது. மொத்தத்தில் சுமார் 19,000 முழு மயக்கங்களுக்கு ஒருவர் இப்படி உணர்ந்ததாகச் சொல்லியிருந்தார். தசை தளர்த்தும் மருந்து கொடுக்கப்பட்டவர்களில் 8,000-க்கு ஒருவர். கொடுக்கப்படாதவர்களில் 1,36,000-க்கு ஒருவர். முழு மயக்கத்தில் நடந்த சிசேரியன்களில் 670-க்கு ஒருவர். குழந்தைக்கு மயக்கம் ஏறிவிடக் கூடாது என்ற கவனமும் அவசரமும் அங்கே சேர்ந்துகொள்வதால் அந்த எண் உயர்கிறது.

ஆப்பரேஷன் முடிந்து சில நாள் கழித்து உங்கள் மகளோ மனைவியோ, "டாக்டர் பேசினது எல்லாம் கேட்டுச்சு, கத்த நினைச்சேன், முடியலை" என்று சொன்னால், கெட்ட கனவு என்று வாயை அடைத்துவிடாதீர்கள். ஓதிப் பார்ப்பதோடும் விட்டுவிடாதீர்கள். தூக்கமின்மையும் பயமும் மாதக்கணக்கில் தொடரக்கூடிய அனுபவம் அது. மயக்க மருத்துவரிடம் கூட்டிச் சென்று, நடந்ததைச் சொல்லவைத்து, பதிவு செய்யச் சொல்லுங்கள். நம்பப்படுவதே பாதி சிகிச்சை என்பதை இந்தத் துறையினர் பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

தியேட்டருக்கு வெளியே இந்த மருந்து தவறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2017 டிசம்பரில், ஸ்கேனுக்கு முன் பதற்றத்தைத் தணிக்க ஒரு மூதாட்டிக்கு மருந்து எழுதப்பட்டது. மருந்து அலமாரிக் கணினியில் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டிய நர்ஸ், வந்த வேறொரு மருந்தை எடுத்துவிட்டார். அது வெக்குரோனியம். மூடியில் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தும் கவனிக்கப்படவில்லை. ஊசி போட்ட பிறகு பக்கத்தில் யாரும் இருந்து கண்காணிக்கவும் இல்லை. அந்த அம்மையார் இறந்தார். 2022-இல் நர்ஸ் குற்றவாளி எனத் தீர்ப்பானது. தனி நபரைத் தண்டித்தால் போதுமா, அலமாரியில் அந்த மருந்து அப்படி எளிதாகக் கைக்கு வந்ததே தவறில்லையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டாவது கேள்விதான் முக்கியமானது என்பது என் கருத்து. இந்த மருந்துகளைத் தனிப்பெட்டியில் பூட்டி, சிரிஞ்சில் பளிச்சென்ற சிவப்பு லேபிள் ஒட்டி வைக்கும் வழக்கம் அதற்காகத்தான் ஏற்பட்டது. நம் ஊரிலும் நர்ஸிங் ஹோம் நடத்துகிறவர்கள் இதைக் கடைப்பிடிக்கச் செலவு ஒன்றும் அதிகமில்லை.

எதையெல்லாம் எடுத்துப் போவது, எதையெல்லாம் சொல்வது

சாப்பிடும் எல்லா மருந்துகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், யூனானி சூரணமும் நாட்டு மருந்தும் உட்பட. வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிட்டாயினும் கார்பமாசெபினும் தசை மருந்தின் காலத்தைக் குறைக்கும். ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஆன்டிபயாடிக் ஊசிகளும், கர்ப்பகால இரத்த அழுத்தத்தில் வலிப்பைத் தடுக்கப் போடும் மக்னீசியமும் அதை நீட்டிக்கும். மாலையானால் இமை சரியும், மென்று சாப்பிடக் களைப்பாகும் மயஸ்தீனியா நோய் உள்ளவருக்கு வழக்கமான அளவில் சிறு பகுதியே அதிகமாகிவிடும். முன்பு மயக்கத்தின்போது உடம்பெல்லாம் தடித்து இரத்த அழுத்தம் விழுந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2018-இல் வெளியான கணக்கெடுப்பில், ஆப்பரேஷன் நேரக் கடும் ஒவ்வாமைகளுக்கு ஆன்டிபயாடிக்குக்கு அடுத்த காரணம் இந்தத் தசை மருந்துகள்தான்.

பெண்களுக்கு இரண்டு விஷயம். கறுப்பு மருதாணி போட்ட விரலில் ஆக்சிஜன் அளவு சரியாக விழாமல் போகலாம், கல்யாணத்துக்குப் போய்வந்த கையோடு ஆப்பரேஷன் என்றால் ஒரு விரலையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். அடுத்தது, டியூப் போடுவது எளிதா கடினமா என்று தெரிய மயக்க மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்வார், கழுத்தையும் தாடையையும் பார்ப்பார். தசை தளர்த்திய பிறகு டியூப் போட முடியாமல் போவதுதான் இந்தத் துறையின் மிகப் பெரிய பயம். முகத்திரை அணிபவர்கள் பெண் மருத்துவரைக் கேட்கலாம், தனி அறையைக் கேட்கலாம், ஆனால் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

வீட்டில் யாருக்காவது மூச்சு திரும்பத் தாமதமானது, ஐ.சி.யு.வில் வைத்திருந்தது என்று ஏதாவது நடந்திருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியோடு மயக்க மருந்துக் குறிப்புத் தாளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். நோயாளிக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. எந்த மருந்து, எவ்வளவு நேரம், இரத்தப் பரிசோதனை முடிவு என்ன, எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சிறிய அட்டையில் எழுதி, ஆதார் அட்டையோடு சேர்த்துப் பர்ஸில் வையுங்கள். அதன் ஒரு போட்டோவை உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் தம்பி ஆகியோரின் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். துபாயில் குடல்வால் வெடித்து இரவோடு இரவாகத் தூக்கிச் செல்லப்படும் தம்பியின் போனில் அந்தப் படம் இருக்க வேண்டும்.